ஐம்பது வயதுக் காருக்கு மறுவாழ்வு

ஊரில் ஏதோ ஒரு வீட்டின் பின்புறம், கீற்றுக் கொட்டகையின் கீழ், தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று நிற்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். டயர்கள் காற்றிழந்து தரையோடு தரையாய்க் கிடக்கும். பானட்டின் மேல் காக்கை எச்சம். இருக்கைக்குள் எலிக் குடித்தனம். அதன் சொந்தக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். "இனி நேரம் நிறைய இருக்கிறது, இதை மறுபடியும் ஓட வைக்கப் போகிறேன்" என்கிறார். வீட்டில் உள்ளவர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிப்பதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். ஓடுகின்ற கார் தேய்வது இயற்கை. ஆனால் இருபது ஆண்டுகளாக ஓடாமலே நின்ற கார் ஏன் கெட்டுப் போகிறது? அதை யாரும் தொடவில்லை. எதன் மீதும் அது மோதவில்லை. அப்படியிருக்க, அதைக் கெடுத்தது யார்?

காற்றும் நீரும்தான்! காரில் உள்ள இரும்பு, ரப்பர், பெட்ரோல், எண்ணெய், செம்புக் கம்பி ஆகிய ஒவ்வொன்றும் இந்த ஆண்டுகள் முழுவதும் காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்துகொண்டே இருந்தன. கார் நின்றது, வேதிவினைகள் நிற்கவில்லை.

ஆகவே பழைய காரைச் சீராக்குவது என்பது வண்ணம் பூசிப் பளபளப்பாக்கும் வேலை அன்று. எந்த இடத்தில் என்ன மாற்றம் நடந்தது என்று கண்டறிந்து, அதை ஒரு வரிசைப்படி சரிசெய்யும் வேலை. முதலில் நம்மைத் தாங்கும் சட்டம். அடுத்து வண்டியை நிறுத்தும் பிரேக். பிறகு ஓட வைக்கும் எஞ்சின். எல்லாவற்றுக்கும் கடைசியில் பெயிண்ட். இந்த வரிசையை மாற்றினால் பணமும் காலமும் வீணாகும். சில சமயம் உயிருக்கே ஆபத்து வரும். அது ஏன் என்பதை ஓர் உண்மையான காரை வைத்தே பார்ப்போம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு

1960-களில் இந்தியச் சாலைகளில் பெரும்பாலும் மூன்று வகை இந்தியத் தயாரிப்புக் கார்களே ஓடின. கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாஸடர், பம்பாயில் செய்யப்பட்ட ஃபியட், சென்னைக்கு அருகே வண்டலூரில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையே அவை. இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு 'ட்ரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் வெளிவந்த கார்தான் 1961 முதல் இங்கே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆயிற்று. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிகெலோட்டி. முதலில் இரண்டு கதவுகளோடு வந்த இக்கார், பிற்காலத்தில் இந்தியாவில் மட்டும் நான்கு கதவுகளோடும் செய்யப்பட்டது.

ஓய்வுக் காலத்தில் பழைய கார் வேலையில் இறங்குபவருக்கு ஹெரால்டு மிகவும் இசைவான வண்டி. ஏன் தெரியுமா? அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் உடலும் சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஹெரால்டில் அடியில் தனியாக ஓர் இரும்புச் சட்டம் (சேஸிஸ்) உண்டு. உடல் பல பகுதிகளாகச் செய்யப்பட்டு, அச்சட்டத்தின் மேல் போல்ட்டுகளால் முடுக்கப்பட்டது.

இதற்குப் பின்னால் ஒரு தொழில் வரலாறு இருக்கிறது. ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனத்துக்குக் கார் உடல்களைச் செய்து தந்துவந்த தொழிற்சாலையை, 1953-இல் போட்டி நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்ய வழியில்லாமல் போகவே, பல இடங்களில் சிறு சிறு பகுதிகளாகச் செய்து இணைக்கும்படி ஹெரால்டு அமைக்கப்பட்டது. அன்று ஏற்பட்ட நெருக்கடி, இன்று அதைக் கழற்றி மாட்டுபவருக்கு உதவியாக இருக்கிறது!

இன்னொரு வசதியும் உண்டு. ஹெரால்டின் பானட் இருபுற மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழும். எஞ்சின், முன்சக்கர அமைப்பு எல்லாம் கண்முன் திறந்து கிடக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே வேலை செய்யலாம். குனிந்தால் முதுகு வலிக்கும் வயதில் இது சிறிய சௌகரியம் அன்று.

முதல் கருவி ஒரு நோட்டுப் புத்தகம்

பழைய கார் கைக்கு வந்ததும் பலருக்கு இரண்டு ஆசைகள் உண்டாகும். ஒன்று, உடனே பேட்டரியை மாட்டி எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பது. மற்றொன்று, எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கழற்றிப் போடுவது. இரண்டும் கூடாது.

நெடுநாள் நின்ற எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருக்கும். எண்ணெய் முழுதும் கீழே வடிந்திருக்கும். அந்நிலையில் வலுக்கட்டாயமாகச் சுழற்றினால் ரிங் உடையலாம். சிலிண்டர் சுவரில் கீறல் விழலாம். ஆகவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது மெல்லிய எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவைக்க வேண்டும். பிறகு கையாலேயே மெதுவாகத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கழற்றுவது அதைவிடப் பெரிய ஆபத்து. ஒரு காரில் ஆயிரக்கணக்கான சிறு உறுப்புகள் உள்ளன. எந்த நட் எந்த இடத்துக்கு உரியது என்பதை ஆறு மாதம் கழித்து யாராலும் நினைவில் கொள்ள முடியாது. பாதியில் கைவிடப்பட்ட கார்கள் பல அட்டைப் பெட்டிகளில் உறுப்புகளாகவே கிடந்து, கடைசியில் எடைக்குப் போகின்றன. எனவே ஒரு நேரத்தில் ஒரு பகுதி மட்டும் கழற்ற வேண்டும். கழற்றும்முன் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நோட்டில் வரிசையாகக் குறிக்க வேண்டும். நட்டுகளை டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்ட வேண்டும். கழற்றிய வரிசையைத் தலைகீழாகப் படித்தால், அதுவே மாட்டும் வரிசை!

துரு என்னும் கறையான்

இப்போது சட்டத்துக்கு வருவோம். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. இரும்பின் மேல் ஒரு துளி நீர் நின்றால் அங்கே ஒரு சின்னஞ்சிறு மின்கலமே உண்டாகிவிடுகிறது. ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து கரைகின்றன; வேறோர் இடத்தில் ஆக்சிஜன் அவற்றை ஏற்கிறது. இடையே நீர் மின்சாரத்தைக் கடத்துகிறது. நீரில் உப்பு கலந்திருந்தால் கடத்தல் எளிதாகும், துருவும் விரைவாகும். கடலோர ஊர்களில் கார்கள் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான்.

செம்பு, அலுமினியம் போன்ற உலோகங்களின் மேல் படியும் ஆக்சைடு படலம், கீழே உள்ள உலோகத்துக்குப் போர்வையாகிவிடும். துருவோ அப்படியன்று. அது தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே பொருக்காகி உதிர்கிறது. அடியில் உள்ள புதிய இரும்பு மறுபடி காற்றுக்கு ஆளாகிறது. கறையான் மரத்தை உள்ளிருந்து அரிப்பதுபோல, இரண்டு தகடுகளுக்கு நடுவே சிக்கிய ஈரம் வெளியே தெரியாமலே அரித்துவிடும்.

ஹெரால்டின் நடுச் சட்டத்திலிருந்து இருபுறமும் கைபோல் நீளும் குறுக்குத் தாங்கிகள்தாம் முதலில் பாதிக்கப்படுபவை. உடலைத் தாங்கிப் பிடிப்பவையும் அவையே. மேலே பெயிண்ட் மினுங்கும். கீழே தாங்கியில் விரல் நுழையும் ஓட்டை இருக்கும்!

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் காரின் உடல் முழுதும் நகர்த்திச் செல்லுங்கள். நல்ல தகட்டில் காந்தம் 'டக்'கென்று ஒட்டும். ஓட்டையைத் தகடு வைத்துப் பற்றவைக்காமல், தடிமனாகப் பட்டி பூசி மறைத்திருந்தால், அங்கே காந்தம் ஒட்டாது. பழைய கார் வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் ஒரு காந்தம் இருப்பது நல்லது.

மேலாகப் படிந்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம். எஞ்சிய துருவின் மேல் பாஸ்பாரிக் அமிலம் கலந்த திரவத்தைப் பூசினால் அது இரும்பு பாஸ்பேட்டாக மாறிக் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் தாங்கும் உறுப்பு மெலிந்து ஓட்டையாகிவிட்டால், மருந்து பூசிப் பயனில்லை. அழுகிய பகுதியை வெட்டி எடுத்து, அதே தடிமனுள்ள புதிய தகட்டைப் பற்றவைக்க வேண்டும். இங்கே அனுபவம் உள்ள டிங்கர் செய்யும் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அவர் எல்லாத் தாங்கிகளையும் ஒரே சமயத்தில் வெட்ட மாட்டார். கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி கொடுத்து முட்டு வைத்த பிறகு, ஒன்றை வெட்டி, பற்றவைத்து, அளந்து பார்த்தே அடுத்ததைத் தொடுவார். இல்லையேல் சட்டம் தன் எடையால் வளைந்துவிடும். பிறகு கதவுகள் ஒருநாளும் சரியாக மூடா.

பிடிவாதமான நட்டுகள்

துருப்பிடித்த நட் எளிதில் கழலாது. நீண்ட குழாயை ஸ்பானரில் மாட்டித் திருகுவார்கள். 20 செ.மீ. ஸ்பானர் 60 செ.மீ. ஆனால், அதே கைவிசைக்குத் திருப்புதிறன் மூன்று மடங்காகிறது. இது நெம்புகோல் தத்துவம். ஆனால் அந்த மூன்று மடங்கும் போல்ட்டின் கழுத்தின் மேலும் விழுகிறதே! நட் அசையாமல் போல்ட் முறிவது அதனால்தான்.

ஆகவே முதலில் துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருக்க வேண்டும். நுண்புழை ஏற்றத்தால் அது மரைகளின் நடுவே ஊர்ந்து செல்லும். அதற்கும் மசியாவிட்டால் வெப்பம். இரும்பு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரிகிறது. 12 மி.மீ. துளையுள்ள நட்டை மட்டும் 300 டிகிரி சூடாக்கினால் துளை ஏறக்குறைய 0.04 மி.மீ. பெரிதாகும். தலைமயிரின் பருமனைவிடக் குறைவுதான். ஆயினும் துருவின் பிடி விட்டுப்போக அது போதும். பெட்ரோல் டாங்க், பிரேக் குழாய் ஆகியவற்றின் அருகில் மட்டும் சுடரைக் கொண்டுபோகவே கூடாது.

ஹெரால்டின் நட்டுகள் அங்குல அளவில் ஆனவை. அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மி.மீ. இன்றைய 13 மி.மீ. ஸ்பானர் அதில் நுழையும். ஆனால் நடுவே 0.3 மி.மீ. தளர்ச்சி இருப்பதால், பலமாகத் திருகும்போது நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். சரியான அளவு ஸ்பானர் வாங்குவது ஆடம்பரம் அன்று.

ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

எஞ்சின் ஓடத் தொடங்குவதற்கு முன்பே பிரேக் தயாராகிவிட வேண்டும். பிரேக் மிதியை அழுத்தும்போது, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவத்தின் மேல் அழுத்தம் ஏற்படுகிறது. பாஸ்கல் விதிப்படி அந்த அழுத்தம் நான்கு சக்கரங்களுக்கும் குறையாமல் செல்கிறது. எடுத்துக்காட்டாக, 3 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டனில் 400 நியூட்டன் விசை கொடுத்தால், 4.5 சதுர செ.மீ. பரப்புள்ள சக்கரப் பிஸ்டனில் 600 நியூட்டன் கிடைக்கும்.

திரவம் சுருங்காது என்பதே இதற்கு அடிப்படை. ஆனால் பிரேக் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். 'டாட் 3' என்னும் வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகோ அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது இந்தத் திரவம் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றினால், மிதி அழுத்துவது குமிழைத்தான், பிரேக்கை அன்று. மிதி 'பொதக்'கென்று உள்ளே போகும், கார் நிற்காது!

அதோடு, ஈரம் உள்ளிருந்தே சிலிண்டரைத் துருப்பிடிக்கச் செய்யும். ரப்பர் வளையங்களும் குழாய்களும் காற்றிலுள்ள ஆக்சிஜனாலும் ஓசோனாலும் வெடித்துப்போகும். எனவே பிரேக்கின் ரப்பர் உறுப்புகள், குழாய்கள், திரவம், இவற்றோடு டயர்களையும், பார்வைக்கு நன்றாகத் தோன்றினாலும் புதிதாக மாற்றிவிட வேண்டும். 'பழைய அசல் உறுப்பாயிற்றே' என்று பாசம் காட்டக்கூடிய இடம் இதுவன்று.

எச்சரிக்கை ஒன்று: அக்காலத்துப் பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அதன் நுண்ணிய நார்கள் நுரையீரலில் தங்கிக் கொடிய நோய்களை உண்டாக்கக்கூடியவை. பிரேக் டிரம்மில் உள்ள தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையில் கட்டி அகற்ற வேண்டும்.

ஒரு சிறு மரையும் மனித உயிரும்

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை உண்டு. அது செம்புக் கலப்புலோகக் குமிழ் ஒன்றில் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுழலும். இந்தக் குமிழை 'ட்ரன்னியன்' என்பார்கள்.

இதற்கு இட வேண்டியது கிரீஸ் அன்று, கியர் எண்ணெய். தயாரிப்பாளரின் கையேடே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பார்ப்பதற்குக் கிரீஸ் அடிக்கும் இடம்போலவே இருப்பதால் பலர் கிரீஸையே அடித்துவிடுவார்கள். கெட்டியான கிரீஸ் மரையின் இண்டு இடுக்குகளுக்குள் முழுதும் பரவாது. நீர் புகுந்து தங்கும். உள்ளே மறைந்திருக்கும் எஃகு மரை அரிபட்டு மெலியும். சுழல முடியாமல் இறுகும். ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து, சக்கரம் மடங்கி விழும்.

விரல் நீளமே உள்ள ஒரு மரைக்கு எந்த எண்ணெய் இடுவது என்பது, உள்ளே அமர்ந்திருப்பவர்களின் உயிரைத் தீர்மானிக்கிறது. வண்டியை வெளியே கொண்டுபோகும் முன் இதைக் கழற்றிப் பார்க்காத சீரமைப்பு, எவ்வளவு அழகாக இருந்தாலும் முழுமையானதன்று.

பெட்ரோல் மாறிவிட்டது

தேங்கிய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் பறந்துவிடும். எஞ்சியது ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாகிக் கார்புரேட்டரின் ஊசித்துளைகளை அடைத்துக்கொள்ளும். இதைச் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் புதிதாக ஊற்றப்போகும் பெட்ரோலும் அந்தக் காலத்துப் பெட்ரோல் அன்று என்பதை மறக்கக்கூடாது.

அன்று பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. 'நாக்' என்னும் தட்டும் ஓசையைக் குறைப்பதற்காக அது சேர்க்கப்பட்டது. அதோடு, எக்ஸாஸ்ட் வால்வு வந்து அமரும் இருக்கையின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து அதைத் தேயாமலும் காத்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு என்பதால் 2000-ஆம் ஆண்டில் இந்தியாவில் அது விலக்கப்பட்டது. 2021-இல் உலகெங்கும் கார்களுக்கான ஈயப் பெட்ரோல் முடிவுக்கு வந்தது. இது பெரிய நன்மை. பழைய எஞ்சினுக்கு மட்டும் ஒரு மாற்றம் தேவை: வால்வு இருக்கைகளைக் குடைந்து, கடினமான எஃகு வளையங்களைப் பதிக்க வேண்டும். நல்ல லேத் பட்டறையில் இதைச் செய்து தருவார்கள்.

அடுத்த மாற்றம் எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவியது. எத்தனால் நீரை ஈர்க்கும்; பழைய வகை ரப்பர் குழாய்களை ஊதிப்போகச் செய்யும். கசிந்த பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எனவே எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களையே மாட்ட வேண்டும்.

மங்கலான விளக்கு

பழைய காரின் விளக்கு மங்கலாக எரிந்தால் பலர் பேட்டரியைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி, துருப்பிடித்த ஓர் இணைப்பாகவே இருக்கும். காரில் மின்சாரம் ஒரு கம்பி வழியாகச் சென்று, இரும்பு உடல் வழியாகத் திரும்புகிறது. உடலோடு கம்பி சேருமிடத்தில் துரு இருந்தால் மின்தடை கூடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கும் விளக்கின் மின்தடை 3 ஓம். திறன் 48 வாட். இணைப்பில் 1 ஓம் துரு சேர்ந்தால் மொத்தத் தடை 4 ஓம். மின்னோட்டம் 3 ஆம்பியர். இப்போது விளக்குக்குக் கிடைப்பது 3 × 3 × 3 = 27 வாட் மட்டுமே! (சூட்டுக்கு ஏற்ப இழையின் தடை மாறுவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.) கைப்பிடி உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்தாலே வெளிச்சம் திரும்பிவிடும்.

எஞ்சினிடம் கேள்வி கேட்பது

தொடக்க கால ஹெரால்டின் எஞ்சின் 948 கன செ.மீ. அந்த எண் எங்கிருந்து வந்தது? சிலிண்டரின் விட்டம் 63 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 76 மி.மீ. ஆரம் 3.15 செ.மீ. ஆகையால், 22/7 × 3.15 × 3.15 × 7.6 = 237 கன செ.மீ. நான்கு சிலிண்டர்களுக்கு 948! நீங்கள் வகுப்பில் படித்த உருளையின் கனஅளவுதான் இது.

அந்த எஞ்சின் வலுவிழந்திருந்தால், பிரித்துப் பார்க்காமலே காரணத்தை அறிய முடியுமா? முடியும். பிளக் துளையில் ஓர் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்ற வேண்டும். மூன்று சிலிண்டர்கள் ஏறக்குறைய ஒரே அளவு காட்டி, ஒன்று மட்டும் பாதி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்று எங்கோ கசிகிறது. ரிங் வழியாகவா, வால்வு வழியாகவா? அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றித் தேங்கி ரிங்கின் இடைவெளியை அடைக்கும்; மேலே உள்ள வால்வுக்கு அது எட்டாது. ஆகவே அழுத்தம் உயர்ந்தால் குறை ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கிறது. உயராவிட்டால் வால்விலோ மேலுறை இணைப்பிலோ இருக்கிறது.

பார்த்தீர்களா! ஐயம், சோதனை, முடிவு. ஒரே ஒரு காரணியை மட்டும் மாற்றி விளைவைக் காண்பது ஆய்வுக்கூடத்தின் முறை. கொட்டகையிலும் அதே முறைதான்.

பெயிண்டும் சட்டமும்

இவையெல்லாம் முடிந்த பிறகே பெயிண்ட். சுத்தமான இரும்பின் மேல் முதலில் துத்தநாகம் நிறைந்த பூச்சு. துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கக்கூடியது. ஆகவே தான் கரைந்து இரும்பைக் காக்கும். அதன் மேல் மற்றப் பூச்சுகள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்காமல் நீர் விட்டே தேய்க்க வேண்டும்.

நமது அரசு 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகளுக்கு மேலான சொந்த உபயோக வண்டிகளை 'விண்டேஜ்' வண்டிகளாகப் பதிவு செய்யலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. முக்கியமான நிபந்தனை, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றின் அமைப்பைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது. வேறொரு காரின் எஞ்சினை எடுத்துப் பொருத்திவிட்டால் வண்டி ஓடும். ஆனால் அது அந்தக் காலத்துக்குச் சாட்சி சொல்லாது.

நேரம் என்னும் மூலதனம்

பட்டறையில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலி உண்டு. துரு இளக்கும் எண்ணெய் ஊறும்வரை மூன்று நாள் காத்திருக்கவும், நூறு நட்டுகளை ஒவ்வொன்றாகத் துலக்கவும் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. காரை வாங்கிய விலையைவிடச் சீராக்கும் செலவு பெரிதாகிவிடுவது இதனால்தான். ஓய்வு பெற்றவரிடம் இருக்கும் பெரிய மூலதனம் நேரம். துலக்குதல், அளத்தல், குறித்தல், மாட்டுதல் ஆகியவற்றை அவரே செய்யலாம். பற்றவைத்தல், சிலிண்டர் குடைதல், வால்வு இருக்கை பதித்தல் ஆகியவற்றைத் தொழில் அறிந்தவரிடம் விட்டுவிட வேண்டும். எதைத் தானே செய்வது, எதைப் பிறரிடம் கொடுப்பது என்று அறிவதும் ஒரு திறமையே.

ஏறக்குறைய 800 கிலோ எடையுள்ள வண்டியின் அடியில், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் நுழையக்கூடாது. உறுதியான இரும்புத் தாங்கிகளை முட்டுக் கொடுத்த பிறகே நுழைய வேண்டும். எஞ்சினை இறக்கச் சங்கிலிக் கப்பி வேண்டும். வயதான முதுகு வேண்டாம்.

உங்கள் தாத்தாவோ பக்கத்து வீட்டுப் பெரியவரோ இப்படி ஒரு வேலையில் இறங்கினால், நோட்டுப் புத்தகம் எழுதும் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஓசைக்கு என்ன பொருள் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஓசை ஏன் வருகிறது என்பதற்கான பாடம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டும் சேர வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள நான்கு இரும்பு ஆணிகளை எடுத்து, உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். நான்கு கண்ணாடிக் குப்பிகளில் அவற்றை இப்படி வையுங்கள்:

1. சாதாரணக் குழாய் நீரில் ஓர் ஆணி.
2. உப்பு நீரில் ஓர் ஆணி.
3. கிரீஸை நன்றாகத் தடவி, உப்பு நீரில் ஓர் ஆணி.
4. துத்தநாகம் பூசிய கம்பியை இறுகச் சுற்றி, உப்பு நீரில் ஓர் ஆணி.

ஒரு வாரம் நாள்தோறும் பார்த்துக் குறித்து வாருங்கள். எது முதலில் துருப்பிடித்தது? நான்காவது குப்பியில் ஆணியின் பெரும்பகுதி நீரில் திறந்தே கிடந்தும் துரு குறைவாக இருப்பது ஏன்? விடை கண்டுபிடித்துவிட்டால், கொட்டகையில் நிற்கும் அந்தப் பழைய காரின் அடியில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதும், அதை எப்படித் தடுப்பது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.